கசகசா வேண்டாம், கறிவேப்பிலை போதும்

(மஸ்கட்டில் பதினாறு ஆண்டாகக் குடும்பம் நடத்தும் நாகர்கோவில்காரி பதில் சொல்கிறார்)

கேள்வி: மகளைப் பார்க்க முதன்முறையாக மஸ்கட் போகிறேன். என்னென்ன எடுத்துப் போகலாம்?
– ஒரு மாமியார், கும்பகோணம்

பதில்: எதை வேண்டுமானாலும் எடுத்துப் போங்கள், கசகசாவைத் தவிர. நமக்கு அது குருமாவில் அரைக்கிற சாமான். வளைகுடா நாடுகள் பலவற்றில் போதைப்பொருள் கணக்கு. ஆசையாய் இடித்த மசாலாப் பொடியிலும் அது ஒளிந்திருக்கும், கவனம். மற்றபடி மஸ்கட்டின் ரூவி பக்கம் போனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாமே கிடைக்கும். ‘அங்கே என்ன கிடைக்கும் பாவம்’ என்று பதினைந்து அப்பளக்கட்டோடு இறங்கினால், மகள் பாதியைப் பக்கத்து வீட்டு மலையாளிக்குத்தான் கொடுப்பாள். என் மாமியார் ஒருமுறை அம்மியையே கொண்டு வருவதாக இருந்தார். விமானக்காரர்களின் முப்பது கிலோ வரம்புதான் எங்கள் குடும்ப ஒற்றுமையைக் காப்பாற்றியது.

கேள்வி: எதை வாங்கினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எப்போது தீரும்?
– புதிதாக மஸ்கட் வந்தவர்

பதில்: ஆறு மாதத்தில். அதுவரை டீ குடிக்கும்போதெல்லாம் விக்கும். அப்புறம் வருவதுதான் பெரிய வியாதி: ஊருக்குப் போய்ப் புடவைக் கடையில் உட்கார்ந்து ரியாலால் வகுத்துப் பார்த்து, ‘சும்மா கொடுக்கிறானே’ என்று ஆறு புடவை எடுப்பீர்கள். பெருக்கலில் மிச்சம் பிடித்தது வகுத்தலில் போய்விடும்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கே இல்லை. நம் ரிசர்வ் வங்கி 1959-ல் வளைகுடாவுக்கென்று தனியாக அடித்த ரூபாய் மஸ்கட்டில் 1970 வரை செல்லுபடியானது. ரூபாய் போய்விட்டது, பைசா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரு ரியாலுக்கு 1000 பைசா. ‘பைசா பெறாத ஆள்’ என்று இங்கே திட்டுவதென்றால் பத்து மடங்கு யோசித்துத் திட்ட வேண்டும்.

கேள்வி: ஒமானில் டிரைவிங் லைசென்ஸ் வாங்குவது கஷ்டமாமே? நான் இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன்.
– கோவை வாசகர்

பதில்: அந்த இருபது வருடம்தான் கஷ்டம். ‘டிரம் டெஸ்ட்’ என்று ஒன்று உண்டு. வரிசையாக நிற்கும் பீப்பாய்களுக்கு நடுவே ரிவர்ஸில் போக வேண்டும், எதையும் உரசக் கூடாது. என் வீட்டுக்காரர் நாகர்கோவில் மீனாட்சிபுரம் நெரிசலிலேயே ஓட்டிப் பழகியவர். நாலு தடவை பீப்பாயை முட்டினார். நின்ற இடத்திலேயே நிற்கிற பொருளைத் தன்னால் சமாளிக்க முடியாது, எதிரே இருப்பது ஹாரன் அடித்தால் விலக வேண்டும் என்றார். எனக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. கெட்ட பழக்கம் எதுவும் இல்லாததால் இரண்டாவது முறையே பாஸ். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டுக்கு வருகிறவர்களைத் தவிர.

லைசென்ஸ் வாங்கியபின் காரைக் கழுவி வையுங்கள். அழுக்குக் காருக்கும் இங்கே அபராதம் உண்டு.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வேலைநாள் என்பது பழகிவிட்டதா?
– மதுரை வாசகி

பதில்: எங்களுக்குப் பழகிவிட்டது, சொந்தக்காரர்களுக்குத்தான் பழகவில்லை. 2013 மே வரை வியாழன், வெள்ளி விடுமுறை. அதன்பின் வெள்ளி, சனி. போதாததற்கு இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டுப் போன் போடுவாள். இங்கே மணி நாலு.

கேள்வி: ஒமானின் சலாலாவை ‘அரேபியாவின் குற்றாலம்’ என்கிறார்களே, அவ்வளவு அழகா?
– தென்காசி வாசகர்

பதில்: உங்கள் ஊர்க்காரர் யாரோதான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே ‘கரீஃப்’ பருவம். நம் தென்மேற்குப் பருவக்காற்றேதான். போகிற வழியில் தோஃபார் மலையை உரசி, தூறலும் பனிமூட்டமுமாய் இறங்குகிறது. மஸ்கட் நாற்பது டிகிரிக்கு மேலே வேகும்போது சலாலாவில் இருபத்தைந்து. வளைகுடா முழுவதிலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாய் வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு நனைகிறார்கள்.

நாங்களும் போனோம். ஆயிரம் கிலோமீட்டர். ஆதம், ஹைமா, தும்ரைத் என்று நூல் பிடித்த மாதிரி பாலைவனச் சாலை. பார்ப்பதற்கு ஒட்டகம், அது தவறினால் ‘ஒட்டகம், கவனம்’ என்கிற பலகை. தும்ரைத் தாண்டி மலையில் இறங்கியதும் கண்ணாடியில் மூட்டம் படிந்தது, எல்லாம் பச்சை. ஊருக்குள் நுழைந்தால் தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், சாலையோரக் கடைகளில் இளநீரும் பப்பாளியும் குலை குலையாய் வாழைப்பழமும். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நாகர்கோவிலில் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒன்பது தென்னை நிற்கிறது. ஒன்றோடுகூட அவர் படம் எடுத்துக்கொண்டதில்லை. தேங்காய் தலையில் விழும் என்று அந்தப் பக்கம் போவதுகூட இல்லை.

சாம்பிராணியின் ஒன்றுவிட்ட அண்ணனான குந்திரிக்கம் விளைவதும் இந்தப் பக்கத்து மலைகளில்தான். சந்தையில் ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள். பூஜை அறைக்கும் ஆகும், கொசுவுக்கும் ஆகும்.

கேள்வி: சேரமான் பெருமாளின் சமாதி சலாலாவில் இருக்கிறதாமே?
– திருவஞ்சைக்களம் போய் வந்தவர்

பதில்: இருப்பதாகக் கேரளத்தார் நம்புகிறார்கள். மக்கா போய்த் திரும்பும் வழியில் இறந்தார் என்பது அவர்கள் சொல்லும் கதை. நம் பெரியபுராணத்திலோ சேரமான் பெருமாள் குதிரையேறிச் சுந்தரரோடு கயிலாயம் போய்விடுகிறார். பெயர் ஒன்று, ஆள் ஒன்றா என்பதை வரலாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வளைகுடாவுக்குப் போன மலையாளியைப் பற்றி ஊரில் இரண்டு கதை உலவுவது புதிதல்ல என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: குழந்தைகளோடு ஒரே ஓர் இடம் போகலாம் என்றால்?
– விசிட் விசாவில் வருபவர்

பதில்: ராஸ் அல் ஜின்ஸ். சூர் நகரத்துக்குக் கிழக்கே உள்ள கடற்கரை. பச்சை ஆமைகள் ராத்திரியில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். வழிகாட்டியோடுதான் போக வேண்டும். டார்ச் கூடாது, சத்தம் கூடாது. என் மகனை அரை மணி நேரம் பேசாமல் வைத்திருந்த ஒரே சக்தி அந்த ஆமைதான். கடலெல்லாம் சுற்றிவிட்டு, தான் பொரிந்த கரைப்பக்கமே முட்டையிடத் திரும்பி வருமாம். வழிகாட்டி இதைச் சொன்னதும், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் என்னைப் பார்த்து, “பாத்தியா, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருது” என்றார். என் இரண்டாவது பிரசவம் மஸ்கட்டில்தான் நடந்தது. அவருக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: ‘உனக்கு எந்த ஊர்’ என்று கேட்டால் உங்கள் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?
– திருச்சி வாசகர்

பதில்: கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்வார்கள், விவரமான பிள்ளைகள். போன ஜூலையில் நாகர்கோவிலில் இருந்தோம். விடாமல் சாரல். மகன் திண்ணையில் உட்கார்ந்து தென்னை மரங்களைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, உங்க ஊரு அப்படியே சலாலா மாதிரியே இருக்கு” என்றான்.

ஆச்சி மரச்சீனிக் கிழங்கை உரித்தபடி கேட்டார்: “அது எங்க மக்கா இருக்கு, தக்கலைக்கு அந்தப் பக்கமா?”