மட்டாஞ்சேரி பார்த்தாச்சு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தேடினால் ஒருவர் கிடைப்பார். கரமனைப் பக்கம் போனால் இன்னொருவர். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் சராசரியாக மாடிக்கு ஒருவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல், காலில் வெள்ளை ஷூ, இடுப்பில் பர்ஸ் வைத்த பெல்ட், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. “மட்டாஞ்சேரி போயிருக்கீங்களா?” என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். “பார்த்தாச்சு” என்பார். “எப்படி இருக்கு?” என்று விடாமல் கேட்டால், “காலையில அஞ்சேகாலுக்கு ஏறினோம், ராத்திரி பதினொண்ணுக்கு வீட்டுல தோசை சாப்பிட்டோம்” என்பார். ஊர் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அவரளவில் அதுதான் முழுமையான பதில்.

பார்த்தாச்சுக்காரர் என்ற இந்த இனத்துக்குப் பிறந்த தேதி உண்டு: 2023 ஏப்ரல் 25. அன்றுதான் திருவனந்தபுரத்துக்கும் காசர்கோட்டுக்கும் இடையே கேரளத்தின் முதல் வந்தே பாரத் ரயிலுக்குக் கொடி அசைத்தார்கள். கொச்சி வாட்டர் மெட்ரோவின் தொடக்க விழாவும் அன்றைக்கேதான். அதற்கு முன்பும் வேணாடு எக்ஸ்பிரஸில் விடிகாலை ஏறி எர்ணாகுளம் போய் அன்றிரவே திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் சம்பளத்துக்காகப் போனவர்கள். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தார்கள். அதைப் பற்றி யாரும் யாருக்கும் படம் அனுப்பவில்லை.

புதிய ரயிலின் கணக்கு வேறு. காலை எட்டரை வாக்கில் எர்ணாகுளம் டவுனில் இறக்கிவிடும். மாலை ஆறரைக்கு மேல் அங்கேயே வந்து திரும்ப ஏற்றிக்கொள்ளும். நடுவில் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்துக்குள் நானூற்றைம்பது ஆண்டுகளைப் பார்த்து முடித்துவிடலாம் என்பது பார்த்தாச்சுக்காரரின் உறுதியான நம்பிக்கை.

ரயிலுக்குள் அவர் ஜன்னலைப் பார்ப்பதில்லை. கைப்பேசியில் வேகம் காட்டும் செயலியைப் பார்க்கிறார். கொல்லம் வரும்வரை “நூறு… நூத்திநாலு… நூத்திப்பத்து!” என்று நேர்முக வர்ணனை. கோட்டயம் பக்கம் வளைவுகள் வந்து முள் கீழே இறங்கும்போது முகமும் சேர்ந்து இறங்கும். மணிக்கு 180 கிலோமீட்டர் ஓடக்கூடியதாக வடிவமைத்த வண்டிதான். ஆனால் தண்டவாளம் பழைய தண்டவாளம். காசர்கோடு வரையிலான 588 கிலோமீட்டரை ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் கடக்கிறது என்றால் சராசரியை அவரே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பதில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறந்தால் பேச்சு சில்வர்லைனுக்குப் போகும். 530 கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று கேரள அரசு வரைந்த அரை அதிவேகப் பாதை. அதற்காக நட்ட மஞ்சள் கற்களை ஊர்க்காரர்கள் பிடுங்கி எறிந்தார்கள். ஏறத்தாழ அதே தூரத்தை, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு, ஜப்பான்காரர்கள் 1964-லேயே நாலு மணி நேரத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்மவர் விட்டுக்கொடுக்க மாட்டார். “அங்க வீட்டுக்கு வீடு இப்படித் தென்னந்தோப்பு கிடையாது சார்” என்பார். உண்மையில் அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

கோட்டயத்தில் இறங்கிப் படம் எடுக்கலாமா என்று மகன் எழுந்தால் மட்டும் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பார். 2023 ஜனவரியில் ராஜமுந்திரியில் செல்ஃபி எடுக்க வந்தே பாரத்துக்குள் ஏறிய ஒருவர், தானியங்கிக் கதவு மூடிக்கொண்டதால் அடுத்த நிறுத்தமான விஜயவாடா வரை போக நேர்ந்த கதை அவருக்கு மனப்பாடம். கதையின் நாயகன் டிக்கெட் பரிசோதகரிடம் பேசிய வசனங்களை மட்டும் அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார்.

டிக்கெட்டோடு சாப்பாட்டுக்கும் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் அவர் குடும்பம் பரம்பரையாக ரயில் சாப்பாட்டை நம்பாத குடும்பம். எனவே வீட்டிலிருந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வருகிறது. கட்டிய பணத்தை விடவும் மனமில்லை, கொண்டுவந்ததை வீணாக்கவும் மனமில்லை. எர்ணாகுளத்தில் இறங்கும்போது நடையில் தெரிகிற நிதானம் வயதால் வந்ததன்று.

வழிகாட்டிப் பெண் டவுன் நிலையத்து வாசலில் பலகையோடு நிற்பாள். கொச்சிக்காரர்கள் அந்த நிலையத்தை நார்த் என்பார்கள், ஜங்ஷனை சவுத் என்பார்கள். இந்த நுணுக்கம் மாலையில் விளையாட்டுக் காட்டும், இப்போதைக்கு விடுவோம். அவர் மலையாளத்தில் கேள்வி கேட்பார், அவள் சினிமாவில் கற்ற தமிழில் பதில் சொல்வாள். இரண்டு பேருமே மரியாதைக்குத்தான் அப்படிச் செய்கிறார்கள், இரண்டு பேருமே பாதியைத் தவறவிடுகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“மோளே, திரும்ப ஸ்டேஷனுக்கு எப்போ கிளம்பணும்?”

“அங்கிள், இப்பதானே வந்திருக்கீங்க!”

உயர் நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் போகலாம் என்கிறாள் அவள். மட்டாஞ்சேரிக்கும் 2025 அக்டோபரில் துறை திறந்துவிட்டார்கள். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய மின்கலப் படகு, நூறு பேர் ஏறும் குளிர்சாதன அறை, சத்தமே இல்லாத ஓட்டம். மற்றவர்கள் கண்ணாடி வழியே கப்பல்களைப் பார்க்க, நம்மவர் செயலியைத் திறக்கிறார். பதினைந்தைத் தாண்டமாட்டேன் என்கிறது. “சைக்கிள்ல போயிருக்கலாம்” என்று மனைவியிடம் சொல்கிறார். “தண்ணியிலயா?” என்கிறார் அந்த அம்மாள். அன்றைய நாளில் அவர் பேசிய மிக நீளமான வசனம் அது.

டச்சு அரண்மனையில் வரலாறு தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். ராஜ குடும்பத்துச் சடங்குகள் நடந்தது அங்கேதான். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். பெயர் டச்சு அரண்மனை. இந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்கு உடனே விளங்கிவிடுகிறது. “எங்க அபார்ட்மென்ட்லயும் இதேதான். கட்டினவன் பேர் எங்கேயும் இல்லை, போன வருஷம் பெயின்ட் அடிச்ச செக்ரட்டரி பேர் வாசல்ல கல்வெட்டு!”

உள்ளே படம் எடுக்கக் கூடாது என்கிறார்கள். அவ்வளவுதான், மனிதர் கை ஒடிந்து போகிறார். படம் எடுக்க முடியாத இடத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம், சிவப்பிலும் மஞ்சளிலும். தசரதன் புத்திரர் வேண்டி வேள்வி செய்யும் இடத்திலிருந்து ராமன் அயோத்தி திரும்புவது வரை அத்தனையும் இருக்கிறது. வனவாசத்தின் பதினாலு வருடத்தையும் சேர்த்து நாலு நிமிடத்தில் கடக்கிறார். செயலி திறந்திருந்தால் அதுதான் அன்றைய உச்ச வேகமாகப் பதிவாகியிருக்கும்.

அங்கிருந்து யூதத் தெரு நடக்கும் தூரம். 1568-ல் கட்டிய பரதேசி யூதர் கோயிலைப் பற்றி வழிகாட்டிப் பெண் உருகி உருகிச் சொல்கிறாள். சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளைத் தரை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. கூரையிலிருந்து தொங்கும் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். 1968-ல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்தது. வெளியிட்ட அஞ்சல் தலை. சொல்லிக்கொண்டே போய்க் கதவருகே நிற்கிறாள். கதவு மூடியிருக்கிறது. சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வு நாள்.

“முன்னாடியே சொன்னேனே அங்கிள், வேற நாள் வாங்கன்னு.”

“சனி ஞாயிறுதானே மோளே லீவு?”

அவருக்கு லீவு இல்லாத நாளே கிடையாது, ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் சுற்றுலா என்றால் வாரக் கடைசி என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம். மூடிய கதவுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்து, “யூதர் கோயில் பார்த்தாச்சு” என்று குழுவில் போடுகிறார். ஏழு பேர் கைகூப்புகிறார்கள். 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டு மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு முகத்தில் ஹீப்ரு எண், ஒரு முகத்தில் ரோமன் எண், இன்னொன்றில் மலையாள எண். எந்த முகத்தைப் பார்த்தாலும் அவர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ரயிலுக்கு இன்னும் ஆறரை மணி நேரம்.

சாலைக் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் ரகம் என்றால் யூதத் தெருவில் இன்னொரு காட்சியும் உண்டு. மிளகு முன்பேர வணிகத்துக்கு 1957-லேயே சங்கம் வைத்த தெரு அது. ஒரு காலத்தில் தரகர்கள் கூவிக் கூவி விலை வைத்த கூடம் அங்கே இருந்தது. சுக்கு வாசனை மூக்கில் ஏறியதும் அவருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிடுகிறது. ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டி, உரித்து, கடித்து, அரை மணி நேரம் பேரம் பேசி, கால் கிலோ வாங்குகிறார். இடுக்கி மலையிலிருந்து இறங்கும் அதே ஏலக்காய்தான் அவர் கடையிலும் இருக்கிறது. அங்கே இதைவிட மலிவு. மகன் அதைச் சொன்னதற்கு முறைக்கிறார்.

மதியம் மட்டாஞ்சேரி காயிக்கா கடை பிரியாணி. சனிக்கிழமை விரதம் என்பதால் அவர் மட்டாஞ்சேரியில் சுற்ற அமர்த்திய வேனில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார். மகனும் மருமகளும் திரும்பி வந்தபோது அவர்கள் முகத்தில் இருந்த ஒளியை வேறெந்த நினைவுச் சின்னமும் அன்று உண்டாக்கவில்லை.

ஓர் இடத்தை வழிகாட்டிப் பெண் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறாள். “பக்கத்துல வெளியில தோபி கானா இருக்கு அங்கிள். அங்க எல்லாரும் தமிழ்க்காரங்க.”

“தமிழ் கேக்கவா மோளே இவ்வளவு தூரம் வந்தோம்?”

வேன் நேரே போய்விடுகிறது. நாம் இறங்கிக்கொள்வோம். ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் இருக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் வண்ணார் சமூகத்தினர். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுப்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து முன்னோரை அழைத்து வந்தார்கள் என்று சொல்வார்கள். டச்சுக்காரன் போய், இங்கிலீஷ்காரன் வந்து, அவனும் போனான். இவர்கள் போகவில்லை. ஆளுக்கொரு தொட்டி, துவைக்கக் கல், கஞ்சி போடச் சோற்று வடிநீர். கொடியில் கிளிப் கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்குள் துணியின் நுனியைச் செருகிவிட்டால் கொச்சிக் காற்றுக்கும் அது பறக்காது. கரி போட்ட இஸ்திரிப்பெட்டி இன்னும் ஓய்வு பெறவில்லை. வீட்டில் பேசும் தமிழுக்குள் மலையாளம் புகுந்திருக்கிறது, சாலைக் கடைத்தெருத் தமிழில் புகுந்திருக்கிற அதே அளவுக்கு.

மட்டாஞ்சேரி முழுவதுமே இப்படி வந்தவர்களால் ஆன ஊர். கோவாவில் போர்ச்சுகீசியரின் கெடுபிடி தாங்காமல் வந்த கொங்கணிகள் திருமலை தேவசுவம் கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள் தெருவையே தங்கள் பெயரில் வைத்துக்கொண்டார்கள். கச்சி மேமன்கள் அரிசியோடும் மளிகையோடும் வந்தார்கள். யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் பிறந்த பின் புறப்பட்டுப் போனார்கள். போகாமல் யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் 96 வயதில் அங்கேயே மறைந்தார். வாஸ்கோ ட காமாகூட 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்து, 1539-ல் எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோகும் வரை பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஃபோர்ட் கொச்சி தேவாலயத்தில் தங்கியிருந்தார். திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்குள் வந்த முதல் வகுப்பினர் நம் பார்த்தாச்சுக்காரர்தான்.

வேன் இப்போது எங்கே நிற்கிறது தெரியுமா? திட்டத்தில் இல்லாத ஒரு கைவினைப் பொருள் கடை வாசலில். “சும்மா அஞ்சு நிமிஷம் சார், வாங்க வேண்டாம், பார்த்தா போதும்” என்கிறார் ஓட்டுநர். பார்த்தால் அவருக்கு ஏதோ கிடைக்கும். அரண்மனையில் இருபது நிமிடம், மணிக்கூண்டில் பத்து, சீன மீன்பிடி வலையில் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் படம் எடுக்க எட்டு. இந்தக் கடையில் மட்டும் ஐம்பத்தைந்து. காஷ்மீர்க் கம்பளத்தின் முடிச்சுகளை எண்ணிக் காட்டும்வரை உட்கார்ந்து, ஏலக்காய்த் தேநீர் குடித்து, எதுவும் வாங்காமல் வெற்றியோடு வெளியே வருகிறார். அன்றைக்கு அவர் ஓர் ஊர்க்காரரோடு முகம் பார்த்துப் பேசியதாகச் சொல்லலாம் என்றால், அவர் ஸ்ரீநகர்க்காரர்.

நாலு மணிக்கே பரபரப்பு தொற்றுகிறது. பாலத்தில் நெரிசல் இருக்கும், மழை வரும், ஊர்வலம் வரும். பியனாலே ஓவியக் காட்சியை எட்டிப் பார்க்கலாம் என்ற மருமகளின் மனு தள்ளுபடி. வேனை விட்டு ஆட்டோ பிடிக்கிறார்கள், சீக்கிரம் போகுமாம். “நார்த்தா, சவுத்தா?” என்று கேட்கிறார் ஆட்டோக்காரர். “ரயில்வே ஸ்டேஷன்!” என்கிறார் நம்மவர் அதிகாரமாக. சவுத்தில் இறங்கி, டிக்கெட்டைப் பார்த்து, வேர்த்து, இன்னொரு ஆட்டோ பிடித்து நார்த்துக்கு வந்தபோதும் ரயிலுக்கு ஒன்றே கால் மணி நேரம் மீதி. அன்று அவர் முழுமையாகப் பார்த்து முடித்த ஒரே இடம் எர்ணாகுளம் டவுன் முதலாம் நடைமேடை.

இத்தனை கேலிக்கும் பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த அம்மாள் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் கொச்சிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இரவு எங்கே தங்குவது, வீட்டில் மாமியாரை யார் பார்ப்பது என்ற கேள்விகள் இந்த ஒருநாள் ரயிலால்தான் தீர்ந்தன. அடுத்த மாதம் தங்கச்சியோடு மறுபடி வருவதாக வழிகாட்டிப் பெண்ணிடம் எண் வாங்கி வைத்திருக்கிறார். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அவரைப் போலப் போக நினைப்பவர்களுக்கு: காலையில் போகும் அந்த வந்தே பாரத் வியாழக்கிழமை ஓடாது. வெள்ளிக்கிழமை அரண்மனை விடுமுறை. சனிக்கிழமை யூதர் கோயில் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மிளகுக் கிடங்குகளில் ஆள் இருக்காது. திங்கள், செவ்வாய், புதனில் ஒரு நாளைப் பாருங்கள். பிரியாணிக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள், திரும்பும்போது ஆட்டோவில் ஏறியதும் “நார்த்” என்று சொல்லுங்கள்.