‘பர் கிலோமீட்டர்’ சார்

நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள். பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரம். மூன்றாவது மாடிக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வாட்ச்மேன் முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோரும் அவரை ‘பர் கிலோமீட்டர்’ சார் என்றுதான் சொல்வோம், அவர் இல்லாதபோது. எதிரே வந்தால் வெறும் சார்.

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் படிக்கட்டில் நிற்பார்.

“இன்னைக்கு ரேட் பாத்தீங்களா சார்?”

பால் விலை என்று நினைத்துப் பதில் சொல்லிவிடக் கூடாது. நான் ஒருமுறை சொல்லி, பால் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பது வரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. பால் கையிலேயே வெதுவெதுப்பாகிவிட்டது.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் இருப்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் நாற்காலி வரிசையில் ஒருவர் இருப்பார். பெட்ரோல் விலை ஏறியதும் எலக்ட்ரிக் கார் எடுப்பதென்று முடிவெடுப்பார். முடிவைத்தான் எடுப்பார். காரை எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் சாருக்கு இந்த நோய் வந்தது 2017-ல் என்று அவர் வீட்டம்மா சொல்கிறார். அதற்கு முன்னால் விலை ஏறினால் “இன்று நள்ளிரவு முதல்” என்று டிவியில் ஓடும். சார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு பங்குக்கு ஓடுவார். அரை மணி நேரம் வண்டியை அணைக்காமல் வரிசையில் நின்று, முப்பது ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, யுத்தத்தில் ஜெயித்தவர்போல வருவார். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க விலையைத் தினம் தினம் மாற்ற ஆரம்பித்தார்கள். காலை ஆறு மணிக்குப் புது விலை. பத்துப் பைசா, பதினைந்து பைசா என்று சத்தமில்லாமல் ஏறும். வரிசை கட்டி நிற்கும் அந்தத் திருவிழா போனது. போன இடத்தில் எக்செல் வந்து உட்கார்ந்தது.

அந்த எக்செல்லை ஒருநாள் எனக்குக் காட்டினார். டயர் தேய்மானம், ஆயில் மாற்றும் செலவு, இன்ஷூரன்ஸ், பேட்டரிக்கு எட்டு வருட வாரன்டி முடிந்த பிறகு மனசுக்கு வரக்கூடிய கவலை (இதற்கும் ஒரு தொகை போட்டிருந்தார்) என்று வலது பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு விடை: பெட்ரோலுக்கு பர் கிலோமீட்டர் இத்தனை, கரன்ட்டுக்கு பர் கிலோமீட்டர் இத்தனை. பெட்ரோல் ஏழு ரூபாய்க்கு மேல். கரன்ட் ஒரு ரூபாய் சொச்சம். கணக்கில் பிழையில்லை.

“அப்போ வாங்கிட வேண்டியதுதானே சார்?”

“அவசரப்படக் கூடாது பாத்துக்கிடுங்க.” திருநெல்வேலிக்காரர். சென்னைக்கு வந்து முப்பது வருடமாகியும் அந்தப் ‘பாத்துக்கிடுங்க’ மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. ஊரே புலம்பிக்கொண்டிருக்க, சார் முகத்தில் மட்டும் ஒரு தேஜஸ். “நான் அப்பவே சொன்னேன்லா” என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த வாரமே கார் புக் பண்ணிவிடுவதாக இருந்தது. ஆகஸ்டில் தமிழக அரசு வரியில் மூன்று ரூபாயைக் குறைக்க, விலை நூறுக்குக் கீழே இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்தோம். அவர் மட்டும் இழவு வீட்டுக்குப் போய்வந்தவர்போல இருந்தார். எக்செல்லை முதலிலிருந்து போட வேண்டும்.

2022 மார்ச் 22-ல் அவருக்கு மறுபடி உயிர் வந்தது. நான்கு மாதத்துக்கு மேல் ஆடாமல் அசையாமல் 101 ரூபாய் 40 காசில் நின்றிருந்த விலை, அன்று தொடங்கி ஏப்ரல் 6-க்குள் 110 ரூபாய் 85 காசுக்கு வந்துவிட்டது. அந்தப் பதினாறு நாளும் சார் தரையில் நடக்கவில்லை. பிறகு மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தது. 102 ரூபாய் 63 காசு. மறுநாள் காலை படிக்கட்டில் ஆளைக் காணோம். காய்ச்சல் என்றார்கள்.

இதற்கு நடுவில் ஷோரூம்காரர்களைப் படுத்திய பாட்டைச் சொல்ல வேண்டும். அவர் டெஸ்ட் டிரைவ் போகாத எலக்ட்ரிக் கார் சென்னையில் இல்லை. குடும்பத்தோடு போவார். ஷோரூமில் ஏசி இருக்கும், காபி தருவார்கள், ஞாயிற்றுக்கிழமை பொழுது போகும். ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விற்பனைப் பையன், பாவம், புதுசு.

“தம்பி, மழைத் தண்ணியில போனா ஷாக் அடிக்குமா?”

“அடிக்காது சார். பேட்டரி ஐபி 67 ரேட்டிங். ஒரு மீட்டர் தண்ணில அரை மணி நேரம் முங்கி இருந்தாலும் உள்ள தண்ணி போகாது.”

“எங்க ஏரியாத் தண்ணி அரை மணி நேரத்துல வடியாதே. மூணு நாள் நிக்குமே.”

பையனுக்கு இதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

சாருடைய பயம் சும்மா வந்ததல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில்தான் நிறுத்தினார். அதிலிருந்து புதுக் கேள்வி ஒன்று முளைத்தது: “பாலத்து மேல பிளக் பாயின்ட் இல்லையே சார், மூணு நாள் நின்னா சார்ஜ் எறங்கிராது?” நிறுத்தி வைத்த காரில் சார்ஜ் அப்படி ஒன்றும் இறங்காது என்று சொல்லிப் பார்த்தேன். எக்செல்லில் ஒரு வரிசை கூடியதுதான் மிச்சம்.

பிளக் பாயின்ட் என்றதும் எங்கள் சங்கக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. கீழ்த்தளத்தில் காரை நிறுத்தும் இடத்துக்கு, தன் வீட்டு மீட்டரிலிருந்து தன் செலவில் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டார். இரண்டு மணி நேரம் விவாதம். முதல் மாடிப் பெரியவர், “லிஃப்டுக்கே லோடு பத்தல” என்றார். “தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?” என்றது ஒரு குரல்; அந்தக் குரலுக்குரியவரின் வண்டிக்குப் பக்கத்தில்தான் நாலு காஸ் சிலிண்டர் இருக்கிறது. செயலாளர் தீர்ப்பாகச் சொன்னார்: “ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்.” எல்லாரில் வேறு ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அனுமதி கிடைத்துவிட்டது. சாருக்கு அது பெரிய ஏமாற்றம். சங்கம் விடவில்லை என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருக்கலாம்.

ஆனாலும் அவர் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது: ஐந்நூறு யூனிட்.

தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் கொஞ்சம் யூனிட் இலவசம். ஐந்நூறுக்குள் இருந்தால் ஒரு விதம். ஐந்நூற்று ஒன்று ஆகிவிட்டால், அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே சலுகை விலையில் இருந்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். சார் வீட்டில் 480-ல் நிற்கும். அது தானாக நிற்பதில்லை. ரீடிங் எடுக்க வரும் நாள் நெருங்க நெருங்க, ராத்திரியில் டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார். 470 ஆனதும் ஏசி ரிமோட் பீரோவுக்குள் போய்விடும். அந்த வீட்டில் ஒரு காரையும் கொண்டுவந்து சொருகினால் என்ன ஆகும்? இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி. எலக்ட்ரிக் கார் விளம்பரங்களில் கிலோமீட்டர் கணக்குப் போடுகிறவர்கள் யாரும் நம் ஊர் ஈபி அட்டையைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதையும் சமாளித்துவிட்டால், ஊருக்குப் போவது இருக்கிறது. சென்னையிலிருந்து திருநெல்வேலி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். “ஒரே சார்ஜ்ல போகணும். நடுவுல விக்கிரவாண்டியிலயும் விராலிமலையிலயும் நின்னுக்கிட்டு இருக்க முடியாது பாத்துக்கிடுங்க.” கடைசியாக எப்போது காரில் ஊருக்குப் போனார் என்று கேட்டேன். போனதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ்தான். லோயர் பெர்த் கிடைத்தால் போவார், கிடைக்காவிட்டால் விசேஷத்துக்கு மொய்யை மட்டும் ஜிபேயில் அனுப்பிவிடுவார்.

உலகம் அவருக்காகப் புதுப்புதுக் காரணங்களைத் தயார் செய்துகொண்டே இருக்கிறது. எலக்ட்ரிக் வண்டிக்கு ஜிஎஸ்டி 2019-லேயே ஐந்து சதவீதம் ஆகிவிட்டது; “இன்னும் கொறைப்பான்” என்று காத்திருந்தார். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். “பாத்தீங்களா, இப்போ பெட்ரோல் கார்தான் லாபம்” என்றார். அதையும் வாங்கவில்லை. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தபோது, “நம்ம ஊருப் பக்கம். நேரா ஃபேக்டரி வாசல்ல போய் எடுத்தா லாரி வாடகை மிச்சம்” என்றார். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் என்று தெரிந்த அன்று மட்டும் நிஜமாகவே கோபப்பட்டார்: “முன்னாடி சரக்குல தண்ணி கலந்தானுவ. இப்போ பெட்ரோல்ல சரக்கையே கலக்கானுவ!”

எங்கள் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவரும் தம்பி ஒருவன் இருக்கிறான். ஒருநாள் பச்சை நம்பர் பிளேட் போட்ட ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சார் பிடித்துக்கொண்டார்.

“என்ன தம்பி, கணக்கெல்லாம் போட்டுப் பாத்தியா?”

“இன்னா சார் கணக்கு? டெய்லி நூறு கிலோமீட்டர் ஓட்றேன். பெட்ரோலுக்கே இருநூறு ரூபா பூடும். இப்போ நைட்டு சொருவி வுட்டா காலைல ஃபுல்லு.”

சொல்லிவிட்டு ஓடிபி கேட்டான். பதினைந்து வினாடி இருக்கும். எக்செல் இல்லை, டெஸ்ட் டிரைவ் இல்லை. தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவனுக்குப் பதில் தானாக வந்துவிடுகிறது.

அப்படியானால் சாருடைய வண்டி எவ்வளவு ஓடுகிறது? இது எனக்கு ரொம்ப நாள் தோன்றவில்லை. குன்றத்தூர் கோயிலில் ஒரு கல்யாணத்துக்கு அவர் காரிலேயே போனோம். முதலில் கவரைக் கழற்றினார். பூணூல் கல்யாணத்து வேட்டிபோல அதை மடித்தார். போகும் வழியில் பங்கில் நிறுத்தினார். ஐந்நூறுக்குப் போட்டால் ஏமாற்றுவார்கள் என்று ஐந்நூற்றுப் பத்து ரூபாய்க்குப் போடச் சொன்னார். பங்குப் பையன் “ஜீரோ பாத்துக்கோங்க சார்” என்றதும் இறங்கிப் போய், ஜீரோவைச் சுவாமி தரிசனம்போலப் பார்த்துவிட்டு வந்தார். அந்த நேரத்தில் நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். 2013 மாடல் வண்டி. மொத்தம் ஓடியிருந்தது 38,000 கிலோமீட்டர். எக்செல்லில் மாதம் 1,500 என்று போட்டிருக்கிறாரே!

“வாரம் ஒருக்க எடுப்பேன் சார். மத்தபடி பேட்டரி எறங்கிரக் கூடாதுன்னு மூணு நாளைக்கு ஒரு தடவை கீழ வந்து கால் மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்.”

பெட்ரோலை எரித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ஒரு கணக்குப் போட்டேன். அவர் ஓட்டும் ஓட்டத்துக்கு வருடத்துக்குப் பெட்ரோல் இருபத்தோராயிரம் சொச்சம் ஆகிறது. கரன்ட்டுக்கு மாறினால் பதினேழாயிரம் மிஞ்சும். பழைய காரை விற்றது போகப் புதுக் காருக்கு இன்னும் பதினொரு லட்சம் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், போட்ட காசு திரும்பி வர அறுபத்து நாலு வருடம். சாருக்கு இப்போது ஐம்பத்து நாலு. சதாபிஷேகம் முடிந்து முப்பத்தெட்டு வருடம் கழித்து லாபம் ஆரம்பிக்கிறது.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மனிதரின் பொழுதுபோக்கைப் பறித்த பாவம் வந்து சேரும். அவர் வீட்டம்மாவிடம் ஜாடையாகச் சொன்னேன். “எனக்குத் தெரியும். ஆனா சீட்டாடப் போறாரா, குடிக்கப் போறாரா, கணக்குத்தானே போடுறாரு” என்றார் அந்த அம்மாள்.

போன வாரம் காலை எட்டே காலுக்குப் பழவந்தாங்கல் பிளாட்பாரத்தில் பிடித்துக்கொண்டார். தோளில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ். பாரிமுனையில் ஆபீஸ்.

“எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன் சார். எலக்ட்ரிக் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. கரன்ட்ட நம்பி ஒரு மனுஷன் தினம் ஆபீசுக்குப் போய்ட்டு வர முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

நான் சொல்வதற்குள் பீச் வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் லாவகமாக நுழைந்து, ஜன்னலோரமாக ஒரு இடத்தைப் பிடித்து உட்கார்ந்தும்விட்டார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். சார் அதில் சீசன் டிக்கெட் எடுக்க ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது.