கோடைக்கு ஐந்து சிபாரிசுகள்

போன வாரம் உச்சி வெயிலில் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில் நாலு பாட்டில்கள் வரிசையாக நின்றன. நாலிலும் அடியில் ஒரே ஒரு மடக்குத் தண்ணீர். எனவே, வீட்டிலேயே கோடையை அனுபவிக்க ஐந்து வழிகள் சொல்வதாக ஒப்புக்கொண்ட இந்தக் கட்டுரையை நான் நல்ல மனநிலையில் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

முதல் சிபாரிசு, குளிர்ந்த தண்ணீர்.

பானை வாங்கி வைக்கலாமே என்பீர்கள். வைத்திருக்கிறேன். மண்ணில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், அதுதான் பானையின் வித்தை. காற்று காய்ந்திருந்தால் பலிக்கும். எங்கள் காசிமேட்டில் காற்றைப் பிழிந்தாலே ஒரு டம்ளர் தேறும், இதில் கசிந்தது எங்கே ஆவியாவது? பானை பாவம், தன்னால் ஆனதைச் செய்கிறது. தாம்பரத்துச் சித்தி போன் போட்டு, “உங்களுக்கென்னம்மா, கடல் காத்து” என்பார். மேல்காற்று வலுத்த நாளில் அந்தக் கடல்காற்று சாயங்காலம்வரை கரைப்பக்கமே எட்டிப் பார்க்காது. பார்க்கும்போது கருவாட்டு வாசனையோடு வரும். சித்தி ஒரு மே மாதம்கூட வந்து பார்த்ததில்லை.

ஆக, ஃபிரிட்ஜ்தான். அதிலும் எங்கள் பக்கத்துக்கென்று தனிச் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாள்தான். மீன் நிம்மதியாக முட்டையிடட்டும் என்று விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறார்கள். நியாயம். கட்டிப்போட்ட போட்டிலிருந்து இறங்கிய ஆம்பளைகள் எங்கே போவார்கள்? வலையைக் கொஞ்சம் தைப்பார்கள், இன்ஜினைக் கொஞ்சம் தட்டுவார்கள், வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். கத்திரி வெயிலும் கரெக்டாக இதே 61 நாளுக்குள் வந்து விழுகிறது. மீனுக்கு அத்தனை கணக்குப் போட்டவர்கள் பாட்டிலுக்கு ஒன்றும் போடவில்லை.

காலி செய்தவர்தான் நிரப்ப வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். அன்றோடு பாட்டில் காலியாவது நின்றுவிட்டது. ஒரு மடக்கு மிச்சம் வைக்கிறார்கள். கேட்டால் கொழுந்தனார் பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, “இருக்குதே அண்ணி, பாருங்க” என்கிறார். இருக்கிறதுதான். காக்கா குடிக்கும் அளவுக்கு. பாதிக்குக் கீழே இறங்கினால் நிரப்ப வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தி, மார்க்கரில் கோடும் போட்டேன். தண்ணீர் இப்போது சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. அடுத்து வருபவர் எடுக்காமல் வேறு பாட்டிலுக்குப் போகிறார். எனக்கென்று ஒன்றை இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சின்னவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். கணக்குப் பாடத்தில் கண்டுபிடிக்க வேண்டியது எத்தனையோ இருக்கிறது. என் வீட்டுக்காரரோ நடுக்கடலில் வலை இழுக்கிற ஆள். 20 லிட்டர் கேனைச் சாய்த்துப் பிடி என்றால் மட்டும் தோள்பட்டை வலிக்கிறதாம்.

குளிர்ச்சிக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. 1833இல் பாஸ்டனிலிருந்து ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி, அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸை 180 டன் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டியும் ஏறக்குறைய 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. பிறகு மெட்ராஸுக்கும் வந்தது. அதை வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம். பாஸ்டனிலிருந்து மெட்ராஸுக்கு வந்துவிட்ட குளிர்ச்சி, எங்கள் வீட்டில் கேனிலிருந்து ஃபிரிட்ஜுக்கு வர மாட்டேன் என்கிறது. சீசனில் மீனுக்குப் போடும் ஐஸ், பாளம் பாளமாக எங்கள் தெரு வழியாகத்தான் போகும். செத்த மீனுக்கு இருக்கும் வசதி எனக்கில்லை.

மீதி நாலு சிபாரிசுகள் நுங்கு, மொட்டை மாடி, பழைய சோறு, நெத்திலிக் கருவாடு. உங்களுக்குத் தெரியாததா, இடமும் முடிந்துவிட்டது.

ஜூன் 14க்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால் பழமெல்லாம் வாங்க வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வாருங்கள், கழுத்துவரை நிரப்பி. என் கையில்தான் கொடுக்க வேண்டும்.