பாண்டுக்கு மார்க் போட்டவன்

ஜார்ஜ் லேசன்பிக்கு நடிக்கத் தெரியாது என்று கல்லூரிக் காலத்திலிருந்தே சொல்லிவருகிறேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், அலுவலகக் கேன்டீனில் சொல்லியிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்காமலேயே சொல்லியிருக்கிறேன். ஆஸ்திரேலியாக்காரர், விளம்பர மாடல், ஷான் கானரிக்குப் பதிலாகக் கூட்டிவந்தார்கள், தேறவில்லை, ஒரே படத்தோடு விரட்டிவிட்டார்கள் என்று காரண காரியத்தோடு விளக்குவேன். இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அவர் நடித்த அந்த ஒரே ஜேம்ஸ் பாண்ட் படத்தை நான் பார்த்ததில்லை.

மாட்டிக்கொண்டது மச்சினனிடம். "மாமா, நீங்கதான் பாண்ட் படத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவராச்சே. எது நல்ல படம், எது மொக்கைன்னு வரிசைப்படுத்திக் குடுங்களேன், லீவுல பாக்கலாம்னு இருக்கேன்" என்றான். "அதுக்கென்ன மாப்ளே, இப்பவே தர்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், முதல் மூன்று பெயருக்குப் பிறகு பேனா நகரவில்லை. 1962இல் வந்த 'டாக்டர் நோ' தொடங்கி 2021இல் வந்த 'நோ டைம் டு டை' வரை ஈயான் நிறுவனம் எடுத்தவை 25 படங்கள். அவற்றில் பாதியைப் பற்றி எனக்கிருந்த கருத்து, எப்போதோ எங்கேயோ யாரோ எழுதியதை நான் படித்தது. சரி, எல்லாவற்றையும் வரிசையாக மறுபடி பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். 'மறுபடி' என்றுதான் வீட்டில் சொன்னேன். சில படங்களுக்கு அதுதான் முதல் தடவை என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். கதை, வில்லன், பாட்டு, வண்டி, குரல், லாஜிக். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். குரலுக்குத் தனிக் கட்டம் போட்டதில் எனக்கு ஒரு பெருமை. சாதாரண ரசிகன் இதையெல்லாம் கவனிக்க மாட்டான் என்று நினைப்பு.

லாஜிக் கட்டம் மூன்றாவது படத்திலேயே போய்ச் சேர்ந்தது. 'கோல்டுஃபிங்கர்' (1964) படத்தில் வில்லன் தன் கூட்டாளி ரவுடிகளையெல்லாம் ஓர் அறையில் உட்காரவைத்து, மாதிரி வரைபடமெல்லாம் காட்டி, ஃபோர்ட் நாக்ஸ் தங்கக் கிடங்கைத் தாக்கும் திட்டத்தை அக்குவேறு ஆணிவேறாக விளக்குகிறான். விளக்கி முடித்ததும் கதவைப் பூட்டி விஷவாயுவைத் திறந்து எல்லோரையும் கொன்றுவிடுகிறான். கொல்லப்போகிறவர்களுக்கு எதற்கப்பா இத்தனை வகுப்பு? அதைவிட, நம் பாண்ட் அந்தப் படத்தின் பின்பாதி முழுக்கக் கைதியாகவே இருக்கிறார். கடைசியில் அணுகுண்டின் முன் வயர்களைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார். வேறொருவர் வந்து ஒரு சுவிட்சை அமுக்குகிறார். கடிகாரம் 007இல் நிற்கிறது. எத்தனையோ பேரிடம் 'பாண்ட் குண்டை நிறுத்துவாரே, அந்தப் படம்' என்று சொல்லியிருக்கிறேன். அவர் நிறுத்தவே இல்லை.

குரல் கட்டம்தான் என்னை நிஜமாகவே அவமானப்படுத்தியது. 'டாக்டர் நோ'வில் கடலிலிருந்து எழுந்து வரும் உர்சுலா ஆண்ட்ரஸின் பேச்சுக்கு எட்டு போட்டேன். கோல்டுஃபிங்கரின் கனத்த குரலுக்கு ஒன்பது. 'தண்டர்பால்' (1965) வில்லன் லார்கோவுக்கும் எட்டு. 'வசனத்தில் இத்தாலிய மிடுக்கு' என்று பக்கத்தில் குறிப்பு வேறு. பிறகுதான் தெரிந்தது, ஆண்ட்ரஸுக்குப் பேசியவர் நிக்கி வான் டெர் சில். கோல்டுஃபிங்கராக நடித்த ஜெர்மானியர் கெர்ட் ஃப்ரோபேவுக்குப் பேசியவர் மைக்கேல் காலின்ஸ் என்ற ஆங்கிலேயர். லார்கோவுக்குப் பேசியவர் ராபர்ட் ரியட்டி, அவர் லண்டன்காரர். நானோ தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவன். வாய் ஒரு பக்கம் அசைய வசனம் இன்னொரு பக்கம் வரும் கதாநாயகிகளைப் பார்த்தே பள்ளிப் படிப்பை முடித்தவன். எனக்குத்தான் முதலில் மூக்கில் வியர்த்திருக்க வேண்டும்.

இந்த லட்சணத்தோடு 1969க்கு வந்தேன். 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்.' சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் உச்சியில் வில்லனின் கூடாரம், பனிச்சறுக்குத் துரத்தல், டயானா ரிக், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய பாட்டு. முந்தைய படங்களுக்குப் படத்தொகுப்பு செய்த பீட்டர் ஹண்ட் இயக்கியது. வெட்டு ஒவ்வொன்றும் சுருக்கென்று இருக்கிறது. பாண்ட் கல்யாணம் செய்துகொள்கிறார். மாலை வாடுவதற்குள் மனைவி சுடப்பட்டுச் சாகிறாள். படம் அப்படியே முடிந்துபோகிறது. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். லேசன்பியை யாரும் விரட்டவும் இல்லை. பாண்டின் காலம் முடிந்துவிட்டது என்று நம்பி, அடுத்த படம் வேண்டாமென்று அவரே விலகிக்கொண்டாராம். நான் பந்தியில் சொன்ன காரணமும் போயிற்று, காரியமும் போயிற்று.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மறுநாளே மச்சினனுக்குப் போன் போட்டேன். "உலகம் லேசன்பிக்குத் துரோகம் பண்ணிடுச்சு மாப்ளே. அந்த வம்சாவளி ஆராய்ச்சிக்காரனா வேஷம் போட்டுக்கிட்டு மலை மேல போவான் பாரு, அப்ப குரலையே மாத்திப் பேசுறான்யா. அது நடிப்பு!" அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "மாமா, அந்த வேஷத்துல வர்ற குரல் ஜார்ஜ் பேக்கர்னு வேற ஒரு நடிகரோடதாம். டப்பிங்காம்." கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்துக் குரல் கட்டத்தின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தேன்.

'தண்டர்பால்' பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பஹாமாஸ் கடலுக்கடியில் இரண்டு கூட்டம் ஈட்டித் துப்பாக்கிகளோடு மோதிக்கொள்ளும் காட்சி அதில் புகழ்பெற்றது. சிறப்புக் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் வாங்கிய படம். யாரும் பேசுவதில்லை, குமிழி மட்டும் மேலே போகிறது. அதை முழுதாகப் பார்த்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் முதல் ஈட்டி பாய்வதற்குள் என் கண் செருகிவிடும். விழிக்கும்போது பாண்டையும் கதாநாயகியையும் விமானம் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டிருக்கும். அதே கதையை 1983இல் வேறு தயாரிப்பாளர்கள் 'நெவர் சே நெவர் அகெய்ன்' என்று கானரியை வைத்தே திரும்ப எடுத்தார்கள். ஈயான் படம் இல்லை என்பதால் பட்டியலில் சேராது. இருந்தாலும் நியாயத்துக்காகப் பார்த்தேன். அதிலும் தண்ணீருக்குள் போனதும் தூங்கிவிட்டேன்.

என் நீதி பரிபாலனத்துக்கு இன்னோர் உதாரணம். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்துக்கு மொத்தத்தில் பாதி மார்க்தான் விழுந்தது. 'நம்பமுடியாத கதை' என்று எழுதிவைத்தேன். 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' (1977) படத்துக்கு ஏறக்குறைய முழு மார்க். முன்னதில் விண்கலங்களை விழுங்கும் ஒரு ராக்கெட், அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் சண்டை மூட்டப் பார்க்கிறது. பின்னதில் நீர்மூழ்கிக் கப்பல்களை விழுங்கும் ஒரு கப்பல், அதே இரண்டு பேருக்கும் சண்டை மூட்டப் பார்க்கிறது. இயக்குநரும் ஒருவரே, லூயிஸ் கில்பர்ட். முதல் படத்தைக் கரண்ட் போய்ப் போய் வந்த ஓர் இரவில் பார்த்தேன். இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக்குப் பிறகு பார்த்தேன். அந்த மார்க்கில் பிரியாணியின் பங்கு எவ்வளவு என்பதை அதில் பாண்டாக வந்த ரோஜர் மூரின் விசிறிகள் கேட்காமல் இருப்பது நல்லது.

'மூன்ரேக்கர்' (1979) படத்தில்தான் பந்தயம் கட்டித் தோற்றேன். இரும்புப் பல் ராட்சசன் ஜாஸ், ரியோவில் இடிபாடுகளுக்கிடையே டாலி என்ற சின்னப் பெண்ணைச் சந்திக்கிறான். கண்ணாடி, இரட்டைச் சடை. அவள் சிரிக்கும்போது பல்லில் கம்பி பளபளக்கும். அவனுக்கும் உலோகப் பல், இவளுக்கும் உலோகக் கம்பி, காதல் பிறக்கும். எவ்வளவு அழகான நகைச்சுவை என்று சிலாகித்தேன். "கம்பியெல்லாம் இல்ல மாமா" என்றான் மச்சினன். குடும்பத்துக்கே ஓட்டல் சாப்பாடு என்று பந்தயம். காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். நல்ல வெள்ளைப் பல். கம்பியில்லை. 'படத்தைத் திருத்திவிட்டார்கள்' என்று வாதாடிப் பார்த்தேன். உலகம் முழுக்க ஏராளமானவர்களுக்கு இல்லாத அந்தக் கம்பி ஞாபகம் இருக்கிறதாம். அது ஆறுதலாக இருந்ததே தவிர, ஓட்டல் பில்லில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அதே படத்தில் வெனிஸ் சதுக்கத்தில் படகு தரையில் ஓடுவதைப் பார்த்து ஒரு புறா திடுக்கிட்டு இரண்டு தடவை தலையைத் திருப்புகிறது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு அது மட்டும் அச்சுக்குலையாமல் ஞாபகமிருக்கிறது.

பியர்ஸ் பிராஸ்னனின் நடு இரண்டு படங்களை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1997 படத்தின் குறிப்பை 1999 படத்துக்கும், 1999 படத்தின் குறிப்பை 1997 படத்துக்கும் எழுதிவைத்திருந்தேன். மிஷெல் யோவைத் தேம்ஸ் நதிப் படகில் தேடியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'கேசினோ ராயல்' (2006) நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அந்தச் சீட்டாட்டக் காட்சி இருக்கிறதே, என்னவொரு பதற்றம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறேன். போக்கர் எனக்குத் தெரியாது. டேனியல் கிரெய்க் முகத்தைப் பார்ப்பேன், எதிராளியின் கண்ணிலிருந்து ரத்தம் கசிவதைப் பார்ப்பேன், இசை ஏறினால் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்துகொள்வேன். இந்தத் தடவை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "ஏங்க, இப்ப யாரு ஜெயிச்சா?" என்றாள்.

"பாண்ட்தான்."

"எப்படி?"

"அதான் பாரேன், அவன் முகத்தப் பாத்தாலே தெரியலையா?"

அவள் ரிமோட்டை வாங்கிக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். "கையில அஞ்சும் ஏழும். மேஜையில நாலு, ஆறு, எட்டு. எல்லாம் இஸ்பேடு. ரம்மியில ஒரிஜினல் சீக்வன்ஸ் மாதிரி. அந்தாளுகிட்ட வெறும் செட்டுதான் இருக்கு போல." சொல்லிவிட்டுத் துண்டை மடித்தாள். பதினைந்து கோடி டாலர் ஆட்டத்தை எனக்கு முதன்முதலாகப் புரியவைத்தது எங்கள் வீட்டு நவராத்திரி ரம்மி. இதையும் நான் மச்சினனிடம் சொல்லவில்லை. அக்காள் சொல்லிவிட்டாள்.

'ஸ்பெக்டர்' (2015) தியேட்டரில் ஓடியபோதே என் தீர்ப்பு தயாராக இருந்தது: காதலில் ஒட்டுதல் இல்லை, முத்தம்கூட ரயிலுக்கு நேரமான மாதிரி அவசரம், கிரெய்க் சலித்துவிட்டார். நம் தணிக்கை வாரியம் முத்தங்களைப் பாதியாக நறுக்கியிருந்தது என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அது கிரெய்க்கின் குறையாகத் தெரிந்தது.

கடைசியாக, நான் நோட்டில் ஒளித்துவைத்த படம். 'ஆக்டோபஸ்ஸி' (1983).

விமர்சகர்கள் அதை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ரோஜர் மூர் கொரில்லா வேஷம் போடுகிறார். டார்ஜான் கூச்சலோடு விழுதைப் பிடித்து ஊஞ்சலாடுகிறார். புலியைப் பார்த்து 'உட்கார்' என்கிறார், புலியும் உட்காருகிறது. உதய்ப்பூருக்குப் போகிறவர் வழியில் தாஜ்மகாலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். ஆணிப் படுக்கை, தீமிதி, கத்தி விழுங்குகிறவர் என்று வெள்ளைக்காரன் கற்பனை இந்தியா மொத்தமும் ஒரே தெருவில். மனசாட்சியுள்ள எவனும் அதைக் கடைசி ஐந்துக்குள் வைப்பான். நானும் 21 என்று எழுதினேன்.

ஆனால் சின்ன வயதில் அதைப் பார்க்கக் கூட்டிப்போனவர் அப்பா. காரணம் பாண்ட் இல்லை, விஜய் அமிர்தராஜ். சென்னைப் பையன், விம்பிள்டன் ஆடியவன், இங்கிலீஷ் படத்தில் வருகிறான். அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாச, சுற்றி நிற்கும் கூட்டம் மேட்ச் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் தலையைத் திருப்ப, அப்பா விசில் அடித்தார். அவர் விசில் அடித்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான். பின்பாதியில் அமிர்தராஜை வில்லன் ஆட்கள் கொன்றுவிடுகிறார்கள். அப்பாவுக்கு அதோடு படம் முடிந்தது. மிச்சத்தைத் தூங்கிக் கழித்தார். தண்ணீருக்கடியில் தூங்கும் வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை.

அமிர்தராஜ் அறிமுகமாகும்போது பாம்பாட்டி வேஷத்தில் மகுடி ஊதுவார்; வருவது பாண்ட் படத்தின் அந்தப் பிரபல மெட்டு. இதைக் கேலிக்கூத்து என்று நானே எழுதியிருக்கிறேன். அந்த மெட்டு ஜான் பாரி போட்டது என்றும் சத்தியம் செய்திருக்கிறேன். பாரி செய்தது இசைக்கோவை. மெட்டு மாண்டி நார்மனுடையது. 2001இல் லண்டன் நீதிமன்றம்வரை போய் நிலைநாட்டினார். அதுவும் பாண்டுக்காகப் பிறந்த மெட்டு இல்லை. வி.எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை வைத்து மேடையேற்ற நினைத்த இசை நாடகத்துக்காக, டிரினிடாட் இந்தியக் குடும்பத்துக் கதைக்காகப் போட்டது. நாடகம் நின்றுபோனது, மெட்டு உளவாளிக்குப் போனது. இது தெரிந்த பிறகு மகுடிக் காட்சியைப் போட்டேன். கேலி செய்ய வாய் வரவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோல்டுஃபிங்கரின் அணுகுண்டு முன் திருதிருவென்று விழித்த பாண்ட், இதில் ஜெர்மனியில் ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள் கோமாளி வேஷத்தில், யாரும் நம்பாமல் சிரிக்க, கெஞ்சிக் கூத்தாடி, தன் கையாலேயே குண்டை நிறுத்துகிறார். முகம் முழுக்கச் சாயம். மூர் நடித்ததிலேயே நல்ல காட்சி அதுதான் என்பேன். இந்தக் கருத்தை மட்டும் நான் எங்கேயும் படிக்கவில்லை; படித்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன்.

21 என்று எழுதியதை அடித்து 12 என்று எழுதினேன். மச்சினனுக்கு அனுப்பிய பட்டியலில் 12தான் இருக்கிறது. உலக சினிமா பார்க்கும் நண்பர்கள் கேட்டால் இன்னும் 21 என்றே சொல்கிறேன். போன மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது, "ஏதோ இங்கிலீஷ் படத்துக்கெல்லாம் மார்க் போடுறியாமே, அப்பா கூட்டிட்டுப் போனாரே அது எத்தனாவது?" என்றாள்.

"ஃபர்ஸ்ட்டும்மா" என்றேன்.