ஐந்தரை மணிக்கு மூடும் ஊரிலிருந்து

மெல்பர்ன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"நெட் கனெக்‌ஷன் வாங்க ஒரு மனுஷனுக்கு இத்தனை நாளா? நம்ம கேபிள்காரப் பையன்கிட்ட காலைல சொன்னா சாயங்காலம் ஜன்னல் வழியா வயரை விட்டுட்டுப் போறான். அங்க கடை கடையா இருக்குன்னு நீதானே சொன்னே, போய் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று கேட்டிருந்தீர்கள். பின்னாலிருந்து சித்தி, "சம்பளம் ஒழுங்கா வருதான்னு கேளுங்க" என்றதும் காதில் விழுந்தது. வருகிறது. சிக்கல் பணத்தில் இல்லை. இந்த ஊரில் கடைக்குப் போய் வாங்க முடியாத சரக்கு ஒன்று உண்டென்றால் அது நெட்தான் என்பது என் கட்சி. அதன் தரத்தை முடிவு செய்பவை இரண்டு: நம் தெருவில் புதைத்திருக்கும் கம்பி, சாயங்காலம் ஏழு மணி. கடையில் இரண்டுமே கிடையாது. விளக்கமாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சோம்பேறி என்று அத்தை வீடு வரைக்கும் சொல்லி வைப்பீர்கள்.

முதலில் கடையைச் சொல்கிறேன். புறநகரில் நம்மூர் மாதிரி கடைத்தெரு அபூர்வம். பெரும்பாலும் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூவன் என்ற கட்டடக்கலைஞர் 1956-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், முழுக்க மூடி ஏ.சி. போட்ட முதல் வணிக வளாகத்தைக் கட்டினார். ஆஸ்திரேலியாவில் 1957-ல் பிரிஸ்பேனில் செர்ம்சைட் வளாகம் வந்தது, 1960-ல் இங்கே சாட்ஸ்டோன். இந்த சாட்ஸ்டோனுக்கு ரயில் நிலையம் கிடையாது. பஸ் உண்டு, ஆனால் கட்டியது காருக்காகத்தான். இப்படிப்பட்ட வளாகங்கள் பலவற்றில் ஒவ்வொரு கார் இடத்துக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு தொங்கும். காலியாக இருந்தால் பச்சை, கார் நின்றால் சிவப்பு. காருக்குச் செய்திருக்கும் இந்த மரியாதையை நெட் வாங்க வருகிறவனுக்கும் செய்திருக்கலாம். உள்ளே ஒரு கோடியில் ஒரு சூப்பர் மார்க்கெட், மறு கோடியில் இன்னொன்று. நடுவே நடக்கிற தூரம் முழுக்கக் கடைகள். அவற்றில் தொலைபேசி நிறுவனங்கள் எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு நிற்கும். பார்த்தால் போட்டி பலம் என்று தோன்றும். அதே வளாகத்தில் போட்டிக் கடைகள் போலத் தெரியும் கேமார்ட்டுக்கும் டார்கெட்டுக்கும் முதலாளி வெஸ்ஃபார்மர்ஸ் என்ற ஒரே நிறுவனம்தான் என்பதையும் சேர்த்து யோசித்தால், பலகையை எண்ணிப் போட்டியை அளக்கக் கூடாது என்று புரியும்.

நெட்டில் இது இன்னும் வேடிக்கை. கம்பி வைத்திருப்பது என்.பி.என். என்ற அரசு நிறுவனம். அது மொத்த வியாபாரி. வீட்டுக்காரருக்கு நேரே விற்காது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், டி.பி.ஜி., ஆஸி பிராட்பேண்ட் எல்லோரும் அதனிடம் வாங்கி நம்மிடம் விற்கிறார்கள். பெலாங் என்ற மலிவுக் கடை டெல்ஸ்ட்ராவின் பிள்ளை, ஐ.ஐ.நெட் டி.பி.ஜி.யின் பிள்ளை. ஒரே பாலை இவர்கள் பல நிற பாக்கெட்டில் ஊற்றி விற்கிறார்கள், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஒரு விற்பனையாளரை விட்டு இன்னொருவருக்கு மாறிப் பார்க்கலாம். பெரும்பாலும் வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார், ஏணி, டிரில்லர், தூசி எதுவும் இல்லை, சில மணி நேரத்தில் பில்லில் பெயர் மட்டும் மாறியிருக்கும். கம்பி அதேதானே, யார் எதற்கு வர வேண்டும்?

அந்தக் கம்பி எந்த ஜாதி என்பதை நிர்ணயித்தது கடைக்காரர் இல்லை, தேர்தல். 2009-ல் கெவின் ரட் அரசு, நாட்டில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு வாசல் வரை ஃபைபர் என்று அறிவித்தது. 2013-ல் ஆட்சி மாறியது. செலவு அதிகம், தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர் போதும், மீதிக்குப் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியே இருக்கட்டும் என்றார்கள். நடைபாதை ஓரம் பச்சைப் பீரோ மாதிரி நிற்கும் அந்தப் பெட்டியிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். பிறகு மனசு மாறி, செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போடும் வேலையும் நடக்கிறது. 2025 செப்டம்பரில் 100 மெகாபிட் திட்டத்தை 500 ஆக உயர்த்தினார்கள், ஆனால் முழு ஃபைபர் வீட்டுக்கும் பழைய கேபிள் டி.வி. கம்பி வீட்டுக்கும் மட்டும். செம்புக்காரர் வேடிக்கை பார்க்கலாம். ஆகவே இங்கே வீடு பார்க்கப் போகிறவர் தண்ணீர் வசதி, வாஸ்து விசாரிப்பதோடு, இந்தத் தெருவை எந்தப் பிரதமர் காலத்தில் தோண்டினார்கள் என்றும் கேட்பது உத்தமம்.

"ஒரே கம்பின்னா எவன் மலிவோ அவன்கிட்ட வாங்கு" என்பீர்கள். பாதி சரி. முதல் ஆறு மாதம் தள்ளுபடி, ஏழாவது மாதம் பழைய விலை என்று பலரும் விற்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாவிக்கொண்டே இருக்கும் குடும்பங்களும் உண்டு. மீதிப் பாதி, சாயங்காலம். இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து படம் பார்க்கும். அந்த நெரிசலுக்குத் தேவையான கொள்ளளவை விற்பனையாளர் வாங்கி வைத்திருக்கிறாரா என்பதுதான் பரீட்சை. அதனால் ஏ.சி.சி.சி. என்ற நுகர்வோர் ஆணையம், விளம்பரத்தில் அந்த நான்கு மணி நேர வேகத்தைத்தான் போட வேண்டும் என்கிறது. 2018-லிருந்து தன்னார்வலர் வீடுகளில் குட்டிப் பெட்டி மாட்டித் தானே அளக்கவும் செய்கிறது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், டி.பி.ஜி. மூன்றும் வேக விஷயத்தில் வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைத்ததற்காக 2022-ல் நீதிமன்றம் மொத்தம் 3.35 கோடி டாலர் அபராதம் போட்டது. இன்றைக்கு நிலைமை தேவலை, பெரிய நிறுவனங்கள் மாலையிலும் சொன்ன வேகத்தை ஏறக்குறைய எட்டுகின்றன, பின்தங்குவது பெரும்பாலும் அந்தச் செம்பு வீடுகள்தான் என்று ஆணையமே சொல்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுபடி தெருவுக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

சரி, அந்தச் சாயங்கால வேகத்தைக் கடையில் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்கலாமே? அங்கேதான் ஐந்தரை மணி குறுக்கே வருகிறது. திங்கள் முதல் புதன் வரை பெரும்பாலான வளாகங்கள் ஐந்தரைக்கு மூடிவிடும். மூடும் என்றால் நம்மூர் மாதிரி பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, "வாங்க சார், என்ன வேணும்" என்பதெல்லாம் கிடையாது. ஐந்து மணிக்கு சுஷிக் கடையில் விலை சரியும். ஐந்தேகாலுக்கு ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கும். உள்ளே இருப்பவர் குனிந்து வெளியே வரலாம், வெளியே இருப்பவர் குனிந்து உள்ளே போக முடியாது. ஐந்தரைக்கு ஆள் இல்லாத எஸ்கலேட்டர் மட்டும் கடமை தவறாமல் ஏறிக்கொண்டிருக்கும். சூப்பர் மார்க்கெட் ராத்திரி வரை திறந்திருக்கும் என்பதால், பால் வாங்க வருகிறவர் இழுத்து மூடிய ஷட்டர்களுக்கு நடுவே திருடன் மாதிரி நடந்து போக வேண்டும். வழியில் தொலைபேசிக் கடையின் கண்ணாடிக்குள், மின்னல் வேக இன்டர்நெட் என்று திரை தன்பாட்டில் விளம்பரம் ஓட்டிக்கொண்டிருக்கும். விற்பது சாயங்கால வேகம், விற்கிறவர் சாயங்காலத்தில் இல்லை. காலை பதினோரு மணிக்கு அந்தக் கடையில் எதைக் காட்டினாலும் பறக்கத்தான் செய்யும்.

சட்டம் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். விக்டோரியா மாநிலத்தில் 1996-ல் வந்த சட்டப்படி புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், ஆன்சாக் தினத்தன்று மதியம் ஒரு மணி வரை, இவை தவிர எந்த நாளும் எந்நேரமும் கடை திறக்கலாம். அவர்களாகவே மூடுகிறார்கள். வியாழன், வெள்ளியில் மட்டும் ஒன்பது வரை. அந்த இரண்டு நாளும் புறநகரத்துக்குத் திருவிழா, கார் நிறுத்தப் பச்சை விளக்கைத் தேடுவதே பெரும்பாடு. வேலை செய்யும் பெண் பிள்ளைகள் நேரத்தோடு வீடு போகிறார்களே, அது நல்லதுதானே என்று சித்தி கேட்பார்கள். நல்லதுதான்; நம்மூர் ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவர்களை நினைத்தால் எதிர்த்துப் பேச வாயே வராது. ஆனால் எல்லோரும் ஐந்தரைக்கே வீடு போனால் ஏழு மணிக்கு என்ன செய்வார்கள்? இந்த ஜூன் மாதத்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. திண்ணை கிடையாது, தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது, அடுத்த வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது. நெட்டை விட்டால் நாதி இல்லை. கடை ஒன்பது வரை திறந்திருந்தால் நெரிசலில் பாதி கடைக்குப் போயிருக்கும் என்பது என் துணிபு. ஆணையம் இதை விசாரிக்கவில்லை.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. இப்போது நாங்கள் நாலரை மணி நேரம் முன்னால். எங்கள் ஏழிலிருந்து பதினொன்று, உங்களுக்கு மதியம் இரண்டரையிலிருந்து ஆறரை. சித்தி தூங்கி எழுந்து காபி போட்டுக்கொண்டே பேச ஆரம்பிக்கும் நேரம். நீங்கள் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிட்டால் இங்கே நடுநிசி ஒன்றரை. நெட் அப்போது அமர்க்களமாக ஓடும், பேசத்தான் ஆள் முழித்திருக்க வேண்டும். அதோடு இங்கே பெரும்பாலான திட்டங்களில் வாங்கும் வேகத்தில் ஒரு சிறு பங்குதான் அனுப்பும் வேகம். பாட்டி முகம் இங்கே துல்லியமாக வரும், என் முகம் அங்கே கட்டம் கட்டமாகப் போகும். "இளைச்சுட்டியா, முகமே சரியில்லையே" என்று பாட்டி அழ ஆரம்பித்தால், அது திட்டத்தின் கோளாறு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

அதனால் கனெக்‌ஷன் கிடைக்கும் வரை செல்போன் டேட்டாவில் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள், இங்கே மதியம் இரண்டரை. அக்டோபர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள்; அன்றிலிருந்து ஒன்பது மணி என்று சித்தியிடம் இப்போதே காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்