திரைக்கு ஜாதகம் பார்த்த கதை

புதுச்சத்திரத்தில் எந்த இயந்திரம் படுத்தாலும் எழுப்ப ஆள் உண்டு. சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஊர் இருப்பதால் லாரிக்கு டிங்கரிங், பெயிண்டிங், பஞ்சர் எல்லாம் கூப்பிடு தூரம். போர் மோட்டாரில் காயில் எரிந்தால் வைண்டிங் கட்ட ஆள் இருக்கிறார். கோழித் தீவனம் அரைக்கிற மிஷின் நின்றுபோனால் ராத்திரியில்கூட வந்து பார்ப்பார்கள். லினக்ஸ் கம்ப்யூட்டரில் திரை அளவு சரியில்லை என்றால் மட்டும் ஆள் கிடையாது. ஆலோசனை சொல்ல ஊரே இருக்கிறது.

கம்ப்யூட்டர் என்றால், பண்ணைக் கணக்குப் பார்க்கிற லேப்டாப். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தங்கச்சி பிளஸ் டூ படிக்கையில் வாங்கியது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கும். தங்கச்சி ஒருநாளும் இரண்டாவதைத் தொட்டதில்லை. அவள் கல்யாணமாகிப் போனபின் லேப்டாப் எனக்கு வந்தது. கீல் விட்டுத் திரை தொங்கிப்போனதால், யாரோ கழித்துவிட்ட அகல மானிட்டர் ஒன்றை வாங்கி விஜிஏ கேபிளில் மாட்டினேன். உள்ளே லினக்ஸ் மின்ட் ஏற்றினேன்.

படம் வந்தது, பெருத்து வந்தது. மானிட்டரின் சொந்த அளவு 1920-க்கு 1080. லினக்ஸ் கொடுத்ததோ 1024-க்கு 768. நாலுக்கு மூன்று என்கிற படத்தைப் பதினாறுக்கு ஒன்பது சட்டத்தில் இழுத்து மாட்டினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். முட்டையிடுகிற லேயர் கோழி, திரையில் பிராய்லராக நின்றது. தங்கச்சி கல்யாண ஆல்பத்தையும் திறந்து பார்த்தேன். நல்லவேளை, அவள் ஊரில் இல்லை.

"வைரஸ் பூந்திருச்சுங்க மாப்ள" என்றார் மாமா. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், கரண்ட் வோல்டேஜ் பத்தவில்லை என்றார். கம்ப்யூட்டர் சென்டர் தம்பி பார்க்காமலே, "விண்டோஸ் போட்டுருங்ணா, எல்லாஞ் சரியாயிரும்" என்றான்.

உண்மையில் நின்றுபோயிருந்தது ஜாதகப் பரிமாற்றம். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஈடிஐடி என்று 128 பைட்டில் ஒரு குறிப்பு இருக்கும். வெசா என்ற அமைப்பு 1994-இல் கொண்டுவந்த ஏற்பாடு. எந்தக் கம்பெனி வாரிசு, எந்த வருஷம் எந்த வாரத்தில் பிறந்தது, எந்தெந்த அளவு ஒத்துவரும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கேபிள்தான் தரகர். ஜாதகம் கைக்கு வந்து சேராவிட்டால் லினக்ஸ் துணிந்து எதையும் செய்யாது. எவருக்கும் பொருந்துகிற 1024-க்கு 768-க்கு மேல் போகாது. ஊரில் விஷயம் தெரியாதபோது அடக்கி வாசித்த ஒரே ஆள் அந்த லேப்டாப்தான்.

முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போனேன். அங்கே கிடைத்த இன்னொரு அளவு 640-க்கு 480, ஐபிஎம் 1987-இல் விஜிஏ-வோடு கொண்டுவந்தது. அதைத் தொட்டதும் செட்டிங்ஸ் ஜன்னலே திரையைவிடப் பெரிதாகி, அமுக்க வேண்டிய பொத்தான் தரைக்கடியில் போய்விட்டது. ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு மவுசால் ஜன்னலின் எந்த இடத்தைப் பிடித்தும் மேலே இழுக்கலாம் என்பது தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பிழைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது டெர்மினல். சிவிடி என்ற கட்டளையிடம் 1920, 1080, 60 என்று சொன்னால் கணக்குப் போட்டு ஒரு வரி தரும். 173.00 என்று தொடங்கி 1920, 2048, 2248, 2576 என்று நீளும். அந்தப் பக்கமாக வந்த அப்பா திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏன்டா கண்ணு, மக்காச்சோளம் குவிண்டால் 2576-க்குப் போயிருச்சா?"

இல்லை என்று நம்பவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. இதே சிவிடியிடம் லேப்டாப்பின் சொந்தத் திரை அளவான 1366-ஐக் கேட்டால், 1368 என்று கூட்டித்தான் கொடுக்கும். எட்டால் வகுபடாத அகலம் அதன் கணக்கில் சேராது.

அந்த வரியை எக்ஸ்ராண்ட்ஆர் கட்டளையில் கொடுத்ததும் திரை ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது. கோழி இளைத்தது. ஆனால் லேப்டாப்பை அணைத்துப் போட்டால் மறுபடி பிராய்லர். எக்ஸ்ராண்ட்ஆர் சொல்வது அந்த வேளைக்கு மட்டும்தான். நிலைக்க வேண்டுமென்றால் எக்ஸ்ப்ரொஃபைல் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தேன். நின்றது.

இருந்தாலும் ஜாதகம் எங்கே போனது என்ற கேள்வி தூங்கவிடவில்லை. மானிட்டர் அனுப்பிய ஈடிஐடி-யை லினக்ஸ் ஒரு கோப்பாகவே வைத்திருக்கும். எண்ணிப் பார்த்தால் 128 பைட் இருக்க வேண்டும். இருந்தது பூஜ்யம். கேபிளைக் கழற்றி டார்ச் அடித்தேன். எட்டிப் பார்த்த மாமா துள்ளினார்: "இதோ பாருங்க, ஒரு கம்பியவே காணோம்!"

அவர் காட்டியது ஒன்பதாம் கம்பி. பல விஜிஏ கேபிள்களில் அது பிறவியிலேயே கிடையாது. ஜாதகம் போகிற கம்பி பன்னிரண்டாவது. அது வளைந்து மடங்கிப் படுத்திருந்தது. இதை விளக்கினேன். "எப்படியோ, கம்பிதான்னு நாஞ் சொன்னனுங்களே" என்றார் மாமா. வைரஸ் அன்றோடு காலாவதியாகிவிட்டது.

நாமக்கல் போய் வேறு கேபிள் வாங்கிவந்து மாட்டினேன். ஒரு கட்டளையும் தேவைப்படவில்லை. ஜாதகம் வந்தது, 1920-க்கு 1080 தானாக உட்கார்ந்தது. அப்பா வழக்கம்போல என்இசிசி-யின் நாமக்கல் முட்டை விலை பார்க்க வந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"என்னடா, எழுத்தெல்லாம் பொடியாப் போச்சு?"

அதற்கும் வழியுண்டு. எழுத்துரு அமைப்பில் டிபிஐ 96 என்றிருப்பதை 144 ஆக்கினேன். படத்தின் அளவு மாறாமல் எழுத்து மட்டும் ஒன்றரை மடங்காகப் பளிச்சென்று நின்றது. அப்பா விலையைப் படித்தார், எழுந்தார், வாசல்வரை போய்த் திரும்பினார்.

"எழுத்து முன்னயும் பெருசாத்தானடா இருந்துச்சு? இதுக்கா நாமக்கல் வரைக்கும் பெட்ரோல் போட்ட?"