கோல்கீப்பர் குரங்கு பார்க்கிறார்

எங்கள் ஊர் செஞ்சிக்கோட்டையை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வளைத்துக்கொண்டு உட்கார்ந்தது 1690-இல். கோட்டை கைக்கு வந்தது 1698-இல். அதற்குள் உள்ளே இருந்த மராத்திய அரசர் ராஜாராம் நழுவிப் போய்விட்டார். அந்தப் பொறுமையில் அரைக்கால் பங்குகூட, பிள்ளையைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்த்த எங்களுக்குக் கிடையாது. சேர்த்த சூட்டோடு சூடாக மைதான ஓரத்தில் கோச்சை மடக்கி, "சார், நம்ம பையன் மாவட்ட லெவலுக்குப் போவானா?" என்று கேட்கிறோம். பையனுக்கு வயது ஆறு. இன்னும் ஷூ லேஸ் கட்ட வராது.

"எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்னு மொதல்ல தெரிஞ்சுக்கட்டும் சார்" என்கிறார் கோச். நல்ல மனிதர். இதற்கு மேல் உண்மையைச் சொன்னால் ஃபீஸ் வராது.

ஆறு வயதுக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் ஃபார்வர்டு, டிஃபென்ஸ் எல்லாம் கிடையாது. இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரே கும்பலாகப் பந்தை மொய்த்துக்கொள்வார்கள். கும்பல் புழுதியோடு கிழக்கே போகும், மேற்கே வரும். நடுவில் பந்து எப்போதோ வெளியே உருண்டுவிட்டிருக்கும். கும்பல் பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து நாங்கள், "பரவி நில்லுங்கடா, பாஸ் பண்ணுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். பந்து எங்கே வரும் என்று கணிக்கிற திறமை அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவும் போக, பந்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டவனைத் தள்ளிப்போய் நில் என்பது, பாயசம் வருகிற நேரத்தில் பந்தியைவிட்டு எழுந்திரு என்பதுபோல. எவன் எழுந்திருப்பான்?

என் மகன் கோல்கீப்பர். ஓட வேண்டாம் என்பதால் அவனே கேட்டு வாங்கிய பதவி. முதல் மேட்சில் மைதானத்துச் சுற்றுச்சுவரில் ஒரு குரங்குக் குடும்பம் வந்து உட்கார்ந்தது. அதில் பெரியது, ஓர் அம்மாவின் கூடையிலிருந்து அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துத் தோலைக் கீழே போட்டது. கோல்கீப்பர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பி நின்று பார்த்தார். பந்து அவரைத் தாண்டி ஏழு முறை போனது. வண்டியில் திரும்பும்போது, "நம்ம பக்கம் ஏழு கோல் வந்துச்சுப்பா" என்றான், தானே வரவழைத்த மாதிரி.

அதே மேட்சில்தான் ஓர் ஆயா, பேரனை எவனோ தள்ளிவிட்டான் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். தள்ளியவனை அதட்டினார், பேரன் மூக்கைத் துடைத்தார், இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார், நடுவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே வந்தார். விதிப்படி இதற்கு என்ன கார்டு என்று நடுவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மைதானத்தில் வேலை தெரிந்து வேலை செய்தவர் அந்த ஆயா ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

தோற்ற பிள்ளைகளைத் தேற்ற எங்கள் ஊர் அப்பாக்களுக்கு ஒரு வசதி உண்டு. "தேசிங்குராஜாவே தோத்தவர்தான்டா!" 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தவர், செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆனாலும் கதைப்பாட்டு அவருக்கும் அவர் குதிரைக்கும்தான். ஜெயித்த நவாபின் பெயரைக் கேட்டால் செஞ்சியில் பாதிப் பேர் விழிப்பார்கள். இதைப் பிள்ளையிடம் சொன்னால், "குதிரை வாங்கித் தர்றியா?" என்று கேட்கும். அங்கே பேச்சை மாற்றிவிட வேண்டும்.

எங்கள் பேச்சு வேறு. மைதான ஓரத்து வேப்பமரத்தடியில், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டை நாங்கள் இப்போதே பங்கு போட்டு முடித்துவிட்டோம். செஸ்ஸில் சேர்த்திருக்கலாமோ என்று ஒருவர் ஏங்குவார். வைஷாலியை அவர் வீட்டில் செஸ்ஸில் சேர்த்தது டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான், அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் உட்கார்ந்தார், இன்றைக்கு இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். கேட்ட எல்லாருக்கும் கண் பளபளக்கும். டி.வி.யைக் குறைத்ததோடு கதை முடிந்துபோன வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுவே லாபம் இல்லையா? 5 வயது முதல் 17 வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். என் மகன் அந்தக் கணக்கைப் பயிற்சியில் தீர்ப்பதில்லை. பயிற்சி முடிந்து வீட்டுக்குக் கூப்பிடும்போது பிடி கொடுக்காமல் ஓடித் தீர்க்கிறான்.

மற்றபடி எதிர்பார்க்கக்கூடியவை: துவைத்தாலும் போகாத செம்மண், ஜோடி இல்லாத சாக்ஸ், வேறு யாருடையதோ தண்ணீர் பாட்டில்.

போன மாதம் கோச் பிள்ளைகளைக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏற்றினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை ஏறியதிலிருந்து வெளியூர்க்காரர்கள் எல்லாம் ஏறுகிறார்கள், நாம் ஏறாவிட்டால் எப்படி என்றார். 15 வயதுக்குள் டிக்கெட் கிடையாது. பெற்றோருக்கு உண்டு, வாங்கினோம். உயரம் சுமார் 800 அடி. பிள்ளைகள் சத்தம் போட்டபடி படிகளில் ஓடி மறைந்தார்கள், என் கோல்கீப்பரும்தான். கீழ்க்கோட்டையில், நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்தில், அந்தக் காலத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. நல்ல நிழல். அங்கே உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டாமினா போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். யாராவது ஒருத்தர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றார் ஒருவர். அவர் உட்பட யாரும் எழுந்திருக்கவில்லை.